தளபதியின் பெயரில் மட்டும் அதிக மை

பாம்கோல் கிராமத்து முகப்பில், இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே மேங் தோக்-சு ஒரு துணிப் பதாகை கட்டியிருந்தார். அந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளையாவது சோல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தால் பதாகை கட்டுவார்கள், அரசுப் பரீட்சையில் தேறினால் கட்டுவார்கள். செத்து முந்நூறு வருடமான ஒருவருக்குக் கட்டியது இதுதான் முதல் தடவை. "எங்கள் குலவிளக்கு, தளபதி மேங் ஜுங்-பால் அவர்களின் அரச நியமனப் பத்திரம் அருங்காட்சியகத்தில் அரங்கேறுவதை வாழ்த்தி மகிழ்கிறோம். மேங் குலச் சங்கம்." தளபதி கண்விழித்துப் பார்த்தால் தேர்தலில் நிற்கிறோமோ என்று சந்தேகப்பட்டிருப்பார்.

தோக்-சுவின் மனைவி போக்-நிம் அதை முதலில் பார்த்தது பேருந்திலிருந்து இறங்கும்போது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயதுக்கு எழுபத்தைந்து வயது முட்டிகள் என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வலது முட்டியை இனி மருந்தால் ஏமாற்ற முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி நவம்பர் பதினெட்டு.

சந்திரக் கணக்குப்படி அந்த வருடம் தளபதியின் திதியும் நவம்பர் பதினெட்டில் வந்து விழுந்தது.

தோக்-சு இதைக் கேட்டதும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது? மனைவியை அவர் கூப்பிடுவது மகன் பெயரைச் சொல்லித்தான்.

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போகாது, இன்-ஹோ அம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். தளபதி தாத்தா வருஷத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு."

திங்கட்கிழமை மதியத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். போன் செய்து ரத்து செய்துவிடு என்று தோக்-சு சொல்லிவிட்டார். போக்-நிம் செய்யவும் இல்லை, செய்ய மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவளுக்குத் தைரியம் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கும்.

மற்ற வீடுகளில் நான்கு தலைமுறையோடு முன்னோர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஐந்தாவது தலைமுறை ஏறியதும் அவர்கள் மலைமேலுள்ள சமாதியில் இலையுதிர் காலத்துக்கு ஒரு தடவை பொதுப் படையலில் பங்கு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். ஆனால் நாட்டுக்குப் பெரிய தொண்டு செய்தவருக்கு ஓய்வே கிடையாது. வீடு இருக்கும்வரை திதி உண்டு. அப்படி ஒருவர் இருக்கும் வீடு என்றால் ஊரில் தனி மரியாதை. மேங் ஜுங்-பால் அப்படிப்பட்டவர் என்று யார் தீர்மானித்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆதாரம் ஒன்றே ஒன்று: அரசரின் சிவப்பு முத்திரை குத்திய பழைய தாள். அதிலிருந்த சீன எழுத்துகளில் குடும்பத்தில் எல்லோராலும் படிக்க முடிந்தது 'மேங்' என்ற ஒன்றை மட்டும்தான். மீதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள். தளபதி எந்தப் போரில் சண்டை போட்டார், எத்தனை பேரை வெட்டினார், எந்தத் தோளில் அம்பு பாய்ந்தது என்பதெல்லாம் தோக்-சுவுக்கு மனப்பாடம். குடிக்கும் அளவைப் பொறுத்து அம்பு இடது தோளுக்கும் வலது தோளுக்கும் இடம் மாறும்.

அந்தத் தாளை முப்பத்து நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டவள் போக்-நிம். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் உலர்த்தி, பூச்சி உருண்டை போட்டு, புதுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கணவரிடம் கேட்டாள்:

"எல்லா எழுத்தும் சாம்பல் மாதிரி இருக்கு. பேரு மட்டும் ஏன் கன்னங்கரேல்னு இருக்கு? கையெழுத்தும் வேற மாதிரி இருக்கே?"

தோக்-சு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மத்ததெல்லாம் குமாஸ்தா எழுதினது. பேர மட்டும் அரசரே தன் கையால எழுதினாரு. அவ்வளவு பிரியம்."

அரசருக்குக் கையெழுத்து இவ்வளவு கோணலா என்று அவள் கேட்கவில்லை. புதுப் பெண்.

அதன்பின் முப்பத்து நான்கு திதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். தரையில் சம்மணமிட்டு, சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, மீன் துண்டு, சோயாக்கட்டி, பூசணிக்காய் என்று ஒவ்வொன்றாக மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரிக்க வேண்டும். சுறாத் துண்டை உப்பிட்டுக் குச்சியில் குத்த வேண்டும். பூண்டு ஆகாது, மிளகாய்த்தூள் ஆகாது. காரம் கண்டால் முன்னோர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்களாம். போரில் அத்தனை பேரை வெட்டிய மனிதர் மிளகாய்க்குப் பயப்படுவாரா என்று கேட்டால் அது நாத்திகம். எல்லாம் தயாரானதும் தோக்-சு குளித்து, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு வந்து, சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே என்று விரலை நீட்டுவார். மேசைத் தலைமாட்டில், வணங்குவதற்காகத் தளபதியின் பெயரை எழுதிய பெயர்த்தாளை நிறுத்துவார்கள். சீன எழுத்தில் அதை எழுதக்கூடத் தோக்-சுவுக்கு வராது, பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பார். பிறகு ஆண்கள் வரிசையாக விழுந்து வணங்குவார்கள். போக்-நிம் எழுந்து நிற்க முயல்வாள்.

அரச முத்திரை குத்திய அந்தப் பழைய தாளைத்தான் வசந்த காலத்தில் தோக்-சு நகரத்து நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். வாங்க வந்தது தோ என்ற குடும்பப் பெயர் கொண்ட இளம் காப்பாளர். அந்தப் பெண் தாளைப் பார்த்ததும் கண்கள் விரிந்து, "ஐயா, இது என்னன்னு உங்களுக்கு..." என்று தொடங்கினாள். தோக்-சு கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, இது என்ன என்பதை அவரே அவளுக்கு ஒன்றரை மணி நேரம் சொன்னார். போர், அம்பு, அரசரின் கையெழுத்து எல்லாம் வந்தன. அவள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள், இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். கடைசியில், விளக்க அட்டையில் ஆய்வுப்படி உள்ளதை உள்ளபடி எழுதலாமா என்று கேட்டாள். "ஒண்ணையும் மறைக்காதீங்க, எல்லாத்தையும் எழுதுங்க" என்று சொல்லி, படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார் தோக்-சு.

நவம்பர் முதல் சனிக்கிழமை புதிய காட்சிக்கூடம் திறந்தார்கள். மேங் குலச் சங்கம் வாடகைப் பேருந்து பிடித்தது. முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு அரிசிக் கேக் டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், தளபதியின் வீரத்தைப் பற்றித் தோக்-சு ஒலிபெருக்கியில் நிகழ்த்திய உரை. உரை முடிந்ததும் அதே ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, நடைபாதையில் நின்று ஆடினார்கள். குலப் பெருமை என்றால் சும்மாவா.

போக்-நிம்மின் பக்கத்தில் அவள் ஓரகத்தி மி-ரான் உட்கார்ந்திருந்தாள். தோக்-சுவின் தம்பி மனைவி. நகரத்தில் அழகுநிலையம் வைத்திருப்பவள். ஒவ்வொரு திதிக்கும் கடைசி மீன் துண்டு சட்டியில் விழும் நேரம் பார்த்துப் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து, "ஐயோ, முடிச்சிட்டீங்களா அக்கா!" என்று வருத்தப்படுபவள். அதற்காகப் போக்-நிம்முக்கு அவள்மேல் கோபம் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தில் உண்மையைப் பேசுகிற ஒரே வாயும் அவளுடையதுதான் என்பதால் கோபம் நீடிப்பதில்லை.

முட்டியைப் பிடித்தபடி போக்-நிம் ஆஸ்பத்திரித் தேதியைச் சொன்னாள். மி-ரான் மெல்லுவதை நிறுத்தினாள்.

"என் கடைக்கு வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு இப்போ படையல கடையிலதான் வாங்குறாங்க, அக்கா. பெட்டியில வந்துடுது. மீனு, பொரியல், சுறா, பழம், சோறு, சூப்பு. எடுத்து வச்சா போதும்."

"உன் மூத்தாரு கிட்ட இத நீ சொல்றியா?"

மி-ரான் மறுபடி மெல்லத் தொடங்கினாள்.

அருங்காட்சியகத்தில் முதல் கூடம் அடுப்பங்கரை. இரும்புக் கொப்பரை பதித்த மண் அடுப்பின் முன்னால் ஒரு மருமகள் பொம்மை குத்த வைத்து உட்கார்ந்திருந்தது. கையில் கரண்டி. முகத்தில் புன்னகை. போக்-நிம் அதன் முட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்மை செய்தவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும். அப்படிக் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு எவள் சிரித்தாள்?

அடுத்த கூடத்தில் திதிப் படையல் மேசை. அத்தனையும் பிளாஸ்டிக். பொரித்த மீன், அடுக்கிய பழம், கிண்ணம் நிறைய சோறு. எண்ணெய் வாடை இல்லை, தூசு தட்டினால் போதும். போக்-நிம்முக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கண்காட்சிப் பொருள்மேல் பொறாமை வந்தது. தோக்-சுவோ மேசையை மேலும் கீழும் பார்த்து, காவலரைக் கூப்பிட்டு, சீமைப் பனிச்சம்பழம் தப்பான இடத்தில் இருக்கிறது, இலந்தைக்கு இந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்றார். காவலர், அது ஒட்டியிருக்கிறது ஐயா என்றார். "அப்ப தப்பா ஒட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தளபதி கடைசிக் கூடத்தில் இருந்தார். வாசலில் 'சந்தை' என்று எழுதியிருந்தது. உள்ளே தராசு, நெல் அளக்கும் மரக்கால், சுமை வியாபாரியின் தோள்கூடை, உப்பு மூட்டை, நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் மேங் குலவிளக்கு. சந்தைச் சாமான்களுக்கு நடுவில் தளபதியை வைப்பானேன் என்று சங்கத் தலைவரான பெரியப்பா கேட்டார். எண்பத்து நான்கு வயது, குலத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தோக்-சுவிடம் பதில் தயாராக இருந்தது.

"சந்தைக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி வரும், பெரியப்பா. எல்லார் கண்ணுலயும் படணும்னு யோசிச்சு வச்சிருக்காங்க."

பெரியப்பா தலையசைத்தார். சங்கத்தார் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். தோக்-சு பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அரிசி மதுவையும் உலர்ந்த மீனையும் காவலர் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டதால் வெறும் வணக்கம் மட்டும்தான். இரண்டு தடவை, நெற்றி தரையில் படும்படி. பின்னால் வந்த ஒரு இளம் ஜோடி இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டது.

போக்-நிம்மால் விழுந்து வணங்க முடியாது. மடிந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் ஓரமாக நின்றாள். சும்மா நிற்கிற கண் எதையாவது படிக்கும். அது பேழையின் கீழிருந்த விளக்க அட்டையைப் படித்தது.

"பெயரிடாத நியமனப் பத்திரம். பஞ்சக் காலங்களில் அரசாங்கம் பெயருக்கான இடத்தை மட்டும் வெற்றாக விட்டு, முத்திரையிட்ட பதவிப் பத்திரங்களை ஊர்தோறும் அனுப்பி வைத்தது. நெல் கொடுத்தவரின் பெயர் அந்தந்த ஊரிலேயே எழுதப்பட்டது. இதற்கு உண்மையான பதவியோ பணியோ இல்லை. பெயரின் மை, கையெழுத்து இரண்டும் மாறுபட்டிருப்பதைக் காண்க. மேங் தோக்-சு அவர்களின் நன்கொடை."

அவள் இரண்டாவது தடவை படித்தாள். 'காண்க' என்ற இடத்தில் கண்டாள். முப்பத்து நான்கு வருடமாகக் கண்டதுதான்.

சிரிப்பு வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. களத்துமேட்டைத் தாண்டாத ஒரு மனிதருக்காகவா இத்தனை வருடம் சட்டி முன்னால் மடங்கிக் கிடந்தேன்? அம்பு பாய்ந்த தோளாம், தோள். அந்த ஆள் தோளில் மூட்டைகூடத் தூக்கியிருக்க மாட்டார், ஆள் வைத்துத் தூக்கியிருப்பார். என் முட்டி அல்லவா போருக்குப் போய் வந்திருக்கிறது.

"என்னங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள். "இத வாசிச்சீங்களா?"

தோக்-சு அட்டைக்கு முன்னால் குனிந்தார். முதலில் 'மேங் தோக்-சு அவர்களின்' என்ற கடைசி வரியைப் படித்து மகிழ்ந்தார். பிறகு மேலே போனார். குனிந்தவர் நிமிரவில்லை. என்ன எழுதியிருக்கு, சத்தமாகப் படி என்றார் பெரியப்பா. தோக்-சு கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. கடைசியில் மி-ரான்தான் படித்தாள். வாடிக்கையாளருக்கு வாரப் பத்திரிகை படித்துக் காட்டுகிற அதே தெளிவான குரலில், ஒரு சொல் விடாமல்.

முப்பத்தொரு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

காப்பாளர் தோ அந்த நேரம் பார்த்து மலர்ந்த முகத்தோடு வந்து சேர்ந்தாள். இவ்வளவு நல்ல நிலையில் ஒரு பத்திரம் கிடைப்பது அபூர்வம் என்றும், ஈரம் படாமல் பூச்சி அரிக்காமல் காப்பாற்றியது பெரிய காரியம் என்றும் தோக்-சுவின் கையைப் பிடித்துப் பாராட்டினாள். தோக்-சு பாராட்டை வாங்கிக்கொண்டார். பூச்சி உருண்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

"அப்ப, போரு?" என்றார் பெரியப்பா.

"இந்தப் பதவிக்குப் போருக்குப் போகணும்னு இல்லீங்க ஐயா," என்றாள் காப்பாளர். "எங்கயுமே போக வேண்டாம். பேருக்கு ஒரு பதவி, அவ்வளவுதான்."

"அரசர் கையெழுத்து?"

"முத்திரை நிஜம். பேர எழுதினது யாரோ உள்ளூர் எழுத்தர். கொஞ்சம் அவசரத்துல எழுதியிருக்காரு போல."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிலர் தராசைப் பார்த்தார்கள், சிலர் உப்பு மூட்டையை. இத்தோடு தொலைந்தது தளபதி என்று போக்-நிம் நினைத்தாள். இனி எதற்குத் திதி? பதினெட்டாம் தேதி நான் என் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அவள் மனம் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் பை கட்டத் தொடங்கிவிட்டது.

ஆனால் குலப் பெருமையை அவள் குறைவாக எடைபோட்டுவிட்டாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். எண்பத்து நான்கு வருடம் சங்கம், பஞ்சாயத்து, நிலத்தகராறு என்று பழகிய தொண்டை.

"எதுக்கு எல்லாரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? ஊரே பட்டினி கிடந்தப்போ நெல்லு குடுத்திருக்காரு மனுசன். வெட்டறவன் பெரியவனா, சோறு போடறவன் பெரியவனா? பதவி தேவைப்பட்டுச்சு, கையில நெல்லு இருந்துச்சு, வாங்கினாரு. திருடலையே. தேவையானத விலை குடுத்து வாங்கறதுல என்னடா கேவலம்?"

அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் தளபதி வள்ளலாகிவிட்டார். ஒருவர், ஆயிரம் பேருக்குச் சோறு போட்டிருப்பார் என்றார். இன்னொருவர், ஐயாயிரம் இருக்கும் என்றார். பதாகையை மாற்றி எழுத வேண்டும் என்றார் மூன்றாமவர். தோக்-சுவின் முதுகு சிறிது சிறிதாக நிமிர்ந்தது. அம்பு பிடுங்கப்பட்ட இடத்தில் நெல் மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் காப்பாளரிடம், இதையும் அட்டையில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். எத்தனை மூட்டை என்று ஆதாரம் இருந்தால் சேர்க்கலாம் என்றாள் அவள்.

போக்-நிம் சுவரில் சாய்ந்துகொண்டாள். முட்டியில் ஊசி குத்தியது. இந்த ஆட்களை என்ன செய்தால் தகும்?

அப்போது தோக்-சு திரும்பினார். உற்சாகம் முழுசாக மீண்டிருந்தது. சபை நடுவே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இவ்வளவு பெரிய தர்மவானுக்கு இந்த வருஷம் திதி ரெண்டு மடங்கா நடக்கணும். சங்கத்துல எல்லாரும் வீட்டுக்கு வந்துடுங்க. இன்-ஹோ அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டியா இல்லியா?"

மற்ற முப்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் போக்-நிம் தலையைக் குனிந்து, "சொல்லிடறேங்க" என்பாள். தலை குனியத்தான் போனது. குனிந்த கண்ணில் பேழைக்குள்ளிருந்த பெயர் பட்டது. கன்னங்கரேலென்று, கோணலாக, கொஞ்சம் அவசரத்தில்.

"சொல்லல," என்றாள். "பதினெட்டாந்தேதி நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்."

"அப்ப படையலு?"

அவள் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, மருமகள் பேச வேண்டிய மரியாதையில் ஒரு குண்டுமணி குறையாமல் பேசினாள்.

"பெரியப்பா சொன்னது நூத்துக்கு நூறு சரி. தேவையானத விலை குடுத்து வாங்கறதுல கேவலமே இல்ல. பதவியையே ஆயத்தமா வாங்கினவரு, படையல கடையில ஆயத்தமா வாங்கி வச்சா கோவிச்சுக்க மாட்டாரு. அவருக்கு ஒத்து வர்ற பழக்கந்தான்."

மி-ரான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது. காப்பாளர் தோ திடீரென்று தராசின் தட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

தோக்-சு வாயைத் திறந்தார். ஆனால் குலத்தில் பெரியப்பா பேசுவதற்குமுன் யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். பெரியப்பாவோ பேழையைப் பார்த்தார், போக்-நிம்மின் வீங்கிய முட்டியைப் பார்த்தார், வாயை மென்றார். தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க எண்பத்து நான்கு வயதில் இடம் இல்லை. கடைசியில் கேட்டார்:

"அந்தக் கடையில சுறாத் துண்டு வைப்பாங்களா?"

"வைப்பாங்க பெரியப்பா," என்றாள் மி-ரான். "உப்பு சரியா இருக்கும்."

"அப்ப சரி." பெரியப்பா ஊன்றுகோலைத் தட்டினார். "பசிக்குது. சாப்பாட்டுக்கு எங்க போறோம்?"

எல்லோரும் சூப்புக் கடை எது என்று பேசிக்கொண்டே வெளியே போனார்கள். தோக்-சு கடைசியாகப் போனார். போகும்போது பேழையைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தளபதி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

போக்-நிம் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பதினெட்டாம் தேதி வருவதாக உறுதி சொன்னாள். பிறகு மி-ரான் எண்ணைப் போட்டுக் கொடுக்க, படையல் கடைக்குப் பேசினாள். எடுத்தவள் சுறுசுறுப்பான பெண். எத்தனை பேர், எந்த ஊர் வழக்கம், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டாள். பழைய காலம்போல நடுநிசியா என்று கேட்டதற்கு, இல்லை, சாயங்காலம் ஏழு மணி என்றாள் போக்-நிம்.

"பெயர்த்தாளும் பெட்டியிலயே வச்சிடுவோம்மா," என்றாள் கடைக்காரப் பெண். "எல்லாம் நம்ம எழுத்துலயே அழகா அச்சடிச்சிருக்கும். பேரு எழுதற இடத்த மட்டும் காலியா விட்டிருப்போம். நீங்களே நிரப்பிக்குங்க."

போக்-நிம்முக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. பெஞ்சில் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுமுனையில் இருந்தவள், போக்-நிம் அழுகிறாள் என்று நினைத்து, "பெரிய இழப்புதாம்மா, மனச தேத்திக்குங்க" என்றாள்.

பதினெட்டாம் தேதி காலையில் முட்டியை மாற்றினார்கள். சாயங்காலம் ஆறேமுக்கால் மணிக்குப் போக்-நிம் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ சமைத்து யாரோ கொண்டுவந்து தந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சியில் உப்பே இல்லை. ஆனாலும் கல்யாணமானபின் தளபதியின் திதி நாளில் அவள் சூடாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். போன் அடித்தது.

தோக்-சு. குரலில் மூச்சிரைத்தது. பெட்டியைப் பிரித்து, கிழக்கும் மேற்கும் பார்த்து, தன் கையாலேயே அடுக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மேசையைச் சுற்றி ஆறேழு தடவை உட்கார்ந்து எழுந்ததில் முட்டி வலிக்கிறதாம். போக்-நிம் இன்னொரு கரண்டி கஞ்சி குடித்தாள். பெரியப்பா வந்துவிட்டார், சுறாவை முன்கூட்டியே ருசி பார்த்துவிட்டார், நன்றாக இருக்கிறதாம். பெயர்த்தாள் எழுதும் வாத்தியாருக்குக் காய்ச்சல், வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் போல.

"அந்தப் பெயர்த்தாள் வந்துச்சு. பேரு எழுதற இடம் காலியா இருக்கு. இங்க பேனா நாலஞ்சு கிடக்குது. எதுல எழுதறது?"

"இருக்கறதுலயே கறுப்பு எதுவோ அதுல எழுதுங்க," என்றாள் போக்-நிம். "கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவாயில்ல. அப்பதான் தாத்தாவுக்குத் தன் பேருன்னு அடையாளம் தெரியும்."

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் ஓசை கேட்டது.